கல்யாண ஈ

மஞ்சப்பேரியில் மழை பெய்யும், பெய்யாமலும் போகும், பஸ் வரும், வராமலும் போகும், ஆனால் கல்யாணம் மட்டும் நிற்கவே நிற்காது. ஆடியும் மார்கழியும் கழிந்தால் போதும், ஏதாவது ஒரு வீட்டு வாசலில் பந்தக்கால் நட்டுக்கொண்டே இருப்பார்கள், அந்தப் பந்தலுக்கெல்லாம் பாயசம் காய்ச்சிக்கொண்டே நான் இருப்பேன். ஊரில் என்னை மாஸ்டர் என்பார்கள். என் அடுப்படியில் ஒரு தலைமுடி விழுந்தால்கூட அந்த அண்டாவை அப்படியே கவிழ்த்துவிடுகிற ஆள் நான், அதனால்தான் இதைச் சொல்ல உட்காரும்போதே எனக்குக் குமட்டுகிறது. குமட்டினாலும் சொல்லத்தான் போகிறேன்.

எங்கள் ஊரில் தாம்பூலம் மாற்றுவதற்கு முன்னால் வாய்கேட்டல் என்று ஒரு சடங்கு உண்டு. எந்தக் காலத்திலோ ஒரு பெண், பிடிக்காத மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டிவிட்டு மறுநாள் காலையில் பெரிய குளத்தில் மிதந்தாளாம். அவள் பாவம் ஊரைப் பிடித்துவிடக் கூடாதே என்று நடுங்கிப்போன பெரியவர்கள் கூடி யோசித்து, இனிமேல் பெண்ணையும் பையனையும் கேட்காமல் எதையும் செய்வதில்லை என்று முடிவெடுத்தார்கள். நல்ல முடிவுதான். ஆனால் கேள்வியைக் கண்டுபிடித்த கையோடு பதிலையும் அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். சபைக்கு நடுவில் இரண்டு பேரையும் எதிரெதிரே மணையில் உட்காரவைத்து நாட்டாமை "யார் மேல இஷ்டம்?" என்று கேட்பார், இவன் அவள் பெயரைச் சொல்ல வேண்டும், அவள் இவன் பெயரைச் சொல்ல வேண்டும், உடனே சபை "மங்கலம்" என்று சொல்லும், வெற்றிலைத் தட்டு கைமாறும், நாளைக்கு எவளாவது குளத்தில் மிதந்தாலும் நாங்கள் கேட்டுத்தானே செய்தோம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ளலாம்.

முதல் ஈ வந்தது தபால்காரர் மகள் நிச்சயதார்த்தத்தில். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு மாப்பிள்ளை பெயரைச் சொல்லி "இஷ்டம்" என்றாள், என்றதும் அவள் கீழுதட்டில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. வெளியிலிருந்து வந்து உட்காரவில்லை, உள்ளேயிருந்து வந்து உட்கார்ந்தது. ஈரமாக இருந்ததால் கொஞ்ச நேரம் சிறகை உலர்த்திக்கொண்டு, பின்னங்கால்களைத் தேய்த்துக்கொண்டு, நிதானமாகப் பறந்து வந்து நான் அப்போதுதான் இறக்கிவைத்திருந்த சேமியாப் பாயசத்தின் விளிம்பில் இறங்கியது. அடுத்து மாப்பிள்ளை வாயைத் திறந்தான், அவன் வாயிலிருந்து குஞ்சும் குளுவானுமாக ஒரு கூட்டமே வந்தது. அல்வாவுக்கு வந்த ஈ என்றார்கள், வெயிலுக்கு வந்த ஈ என்றார்கள், பக்கத்தில் மாட்டுத்தொழுவம் இருக்கிறது என்றார்கள், விசிறியை எடுத்து விரட்டிவிட்டு மங்கலம் சொன்னார்கள்.

அடுத்த முகூர்த்தத்திலும் வந்தது, அதற்கடுத்த முகூர்த்தத்திலும் வந்தது, பிறகு முகூர்த்தத்துக்குக் காத்திராமல் வீடுகளுக்குள்ளும் வர ஆரம்பித்தது. துபாயிலிருந்து பெண்டாட்டியிடம் போனில் "ஒன் நெனப்பாவே இருக்கேன்" என்றவனின் வாயிலிருந்து வந்த ஈ அந்தப் பக்கம் அவன் அறையில் பறந்தது, "நானுந்தான்" என்றவளின் ஈ இந்தப் பக்கம் அடுப்படியில் பறந்தது. பாலில் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கறந்த பால் என்று சத்தியம் செய்கிறவன் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை, ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் வாயிலிருந்தும் வரவில்லை, அந்தப் பொய்யெல்லாம் இந்த ஈக்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. பிரியம், ஆசை, இஷ்டம், நேசம் என்று எவன் வாயில் வந்தாலும், உள்ளே இருப்பதும் வெளியே சொல்வதும் ஒன்றாக இல்லையென்றால், பின்னாலேயே ஈ வந்தது. ஈ வராத வாய்களும் ஊரில் இருந்தன, இல்லையென்று சொன்னால் அநியாயம். சைக்கிள் கடைக்காரனும் அவன் பெண்டாட்டியும் காலையிலிருந்து சாயங்காலம் வரை தெருவே கேட்கும்படி வைதுகொள்வார்கள், கடைசியில் "ஒன்னய விட்டா எனக்கு யாருட்டி இருக்கா" என்று அவன் அழுவான், ஒரு கொசுகூட வராது. ஆனால் அப்படிப்பட்ட வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மற்ற ஊராக இருந்தால் இந்த இடத்தில் நாலு பேர் உட்கார்ந்து அழுதிருப்பார்கள், அல்லது உண்மையைப் பேசியிருப்பார்கள். எங்கள் ஊர் கொசுவலை வாங்கியது. மண்டபத்தில் பந்திக்கு மேலே வலை கட்டினார்கள், தாம்பூலத் தட்டுக்கு மூடி போட்டார்கள், பஞ்சாயத்திலிருந்து தெருவெல்லாம் பவுடர் தூவினார்கள். இதற்கிடையில் நாட்டாமை வெள்ளத்துரை அண்ணாச்சிக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர், "எங்க வீட்டம்மாவத் தவிர இன்னொருத்திய நான் மனசால நெனச்சது கெடையாது" என்று சொல்லி வாயை மூடுவதற்குள், பந்தல் இருட்டுகிற அளவுக்கு ஈ வந்துவிட்டது. மைக்குக்குள் புகுந்த ஈக்கள் ஸ்பீக்கர் வழியாக ரீங்காரம் போட்டன. அந்த அம்மா தட்டிலிருந்த பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சபை மூச்சுக் காட்டவில்லை. அண்ணாச்சி மீசையிலிருந்து ஒரு ஈயைத் தட்டிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "இனிப்பு இருக்க எடத்துலதான்வே ஈ மொய்க்கும்" என்றார்.

அவ்வளவுதான், ஊருக்கு மூச்சு வந்துவிட்டது. அன்றையிலிருந்து அதற்குக் கல்யாண ஈ என்று பெயராகிவிட்டது. எத்தனை ஈயோ அத்தனை மங்கலம் என்றார்கள். ஆசாரி பொன்னில் ஈ செய்து தாலிக்குப் பக்கத்தில் கோர்க்கக் கொடுத்தான். ஈ மொய்க்கிற பாயசம்தான் ராசியான பாயசம் என்று சொல்லி, நான் வேட்டித் துணியால் மூடிவைத்த அண்டாவை என் கண் முன்னாலேயே திறந்து வைத்தார்கள். கரண்டியால் ஈயை வாரிவாரிப் போட்டுக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "ரெண்டு கெடக்கட்டும் மாஸ்டர், எல்லாத்தையும் எடுத்துராதீரும்" என்று சொன்ன பெண்வீட்டுக்காரனை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அறையத் தோன்றுகிறது.

இதிலும் ஆணுக்கொரு நியாயம், பெண்ணுக்கொரு நியாயம் வைத்துவிட்டார்கள். ஆண்பிள்ளை வாய் ஈ பறக்கலாம், அது அவனுக்கு அழகு. பொம்பளை வாய் ஈ வெளியே வரக் கூடாது, அதை முழுங்கிவிட வேண்டும், முழுங்குகிறவள்தான் குடும்பத்துப் பெண். நிச்சயத்துக்கு நாள் குறித்த வீடுகளில் அம்மாக்காரிகள் மகள்களை உட்காரவைத்து, நாக்கில் கிஸ்மிஸ் பழத்தை வைத்து, தொண்டை அசையாமல், கண் கலங்காமல், சிரித்த முகத்தோடு முழுங்கப் பழக்கினார்கள். இதை நான் அடுப்படிகளில் நின்று பார்த்திருக்கிறேன். என் பாயசத்துக்கென்று வாங்கிய கிஸ்மிஸ் அது.

சந்தனமாரிக்கு இந்த ஊரில் கிடைத்த வேலை ஈ அழிப்பது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கிற ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கல்யாண ஆல்பம் தயார் செய்வாள். ஈ மங்கலம் என்று வாயால் சொல்கிறவர்கள் எல்லோரும் போட்டோவில் மட்டும் ஈ வேண்டாம் என்றார்கள், வெளியூர் உறவுக்காரர்கள் பார்த்தால் தப்பாக நினைப்பார்களாம். அவள் மாப்பிள்ளையின் உதட்டிலும் பெண்ணின் மூக்குக்குக் கீழும் இருக்கிற ஈக்களை ஒவ்வொன்றாகத் தேடி அழித்து, அந்த இடத்தில் கன்னத்திலிருந்து கொஞ்சம் தோலை எடுத்து ஒட்டுவாள். நாள் முழுக்க இதையே செய்கிறவளுக்கு யார் வீட்டில் எத்தனை ஈ என்று தெரியும், ஆனால் யாரிடமும் சொன்னதில்லை. கலகலவென்று பேசுகிற பெண், ஈ விஷயம் வந்தால் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்துபோவாள், அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும்.

அவளுக்குப் பிடித்தது இசக்கியை. இசக்கி மாவு மில் வைத்திருப்பவள், அப்பா போனபிறகு மில்லை அவள்தான் ஓட்டினாள், பத்திரம் மட்டும் அண்ணன் குத்தாலத்தின் பேரில். எப்போதும் கண் இமையில் மாவு படிந்திருக்கும், அதிகம் பேசமாட்டாள், மிளகாய் அரைத்தாலும் தும்மமாட்டாள். ஸ்டூடியோ பூட்டியதும் சந்தனமாரி அங்கேதான் போவாள், இரண்டு பேரும் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து கடலை தின்பார்கள், ஊர் அதைப் பார்த்து, "என்ன ஒட்டுதல் பாருங்க, அக்கா தங்கச்சி தோத்தா" என்று மெச்சிக்கொள்ளும். கண் முன்னால் இருப்பதைப் பார்க்காமல் இருப்பதற்கு எங்கள் ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒருநாள் இடியாப்ப மாவு திரிக்க நான் மில்லுக்குப் போயிருந்தேன். அன்றைக்குத்தான் சந்தனமாரியைச் சங்கரன்கோவிலிலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள், மாப்பிள்ளை ரத்தினவேல், கோயம்புத்தூரில் பேங்க் வேலை. மூட்டைக்குப் பின்னால் நான் இருப்பது தெரிந்தும் அவள் பேசினாள், தெரியட்டும் என்றே பேசினாள் என்றுதான் நினைக்கிறேன்.

"ஏட்டி இசக்கி, எனக்கு ஒம்மேலதான் இஷ்டம். வேற ஒருத்தர் மேலயும் இல்ல. அத்தனை பேருக்கு ஈ அழிக்கிறேன், என்னால ஒரு ஈய முழுங்க முடியாது."

நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை வருஷம், எத்தனை பந்தல், எத்தனை வாய் பார்த்தவன் நான், இஷ்டம் என்ற சொல்லுக்குப் பிறகு ஒன்றுமே வராமல் காற்று சும்மா இருந்ததை அன்றைக்குத்தான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"நீ சொல்லு. ஒனக்கு எம்மேல இருக்கா, இல்லையா? இருந்தா எங்கயாச்சும் போயிருவோம். இல்லைன்னா அதையாவது சொல்லு, நான் அந்தக் கிஸ்மிஸ முழுங்கப் பழகிக்கிடுதேன்."

இசக்கி அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாசலில் குத்தாலத்தின் பைக் நிற்கிறதா என்று பார்த்தாள், பிறகு கையை நீட்டி மோட்டார் சுவிட்சைப் போட்டாள். மில் போட்ட சத்தத்தில் அதற்குப்பிறகு யார் என்ன சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது. சந்தனமாரி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தலையில் படிந்த மாவைத் தட்டாமல் அப்படியே வெளியே போனாள்.

சந்தனமாரியின் அம்மா ஆவுடையம்மாள் மகளை விடவில்லை. நிச்சயதார்த்தத்துக்குச் சமையல் பேச நான் போயிருந்தபோது, அந்த அம்மா நடுவீட்டில் உட்கார்ந்து மகளின் தாடையைப் பிடித்துக்கொண்டு கிஸ்மிஸ் திணித்துக்கொண்டிருந்தார்கள், மகள் துப்பிக்கொண்டிருந்தாள்.

"ஒரு ஈதானட்டி. கசக்கவா போவுது? நான் முழுங்கலியா?"

"ஒங்க காலத்துல ஏதும்மா ஈ?"

"இருந்துச்சு. வெளிய வரல, அவ்வளவுதான். வயித்துக்குள்ளயே கெடந்துச்சு." சொல்லிவிட்டு என்னைக் கவனித்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "அடைப்பிரதமன் வேண்டாம் மாஸ்டர், சேமியாவே போதும்" என்றார்கள்.

நிச்சயத்தன்று மண்டபத்தில் வலை கட்டியிருந்தது. சந்தனமாரியின் சித்தி மகள் பொன்செல்வி, காலேஜில் படிக்கிற பிள்ளை, வாசலில் நின்று வருகிறவர்களுக்குச் சந்தனமும் கல்கண்டும் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் பாயச அண்டாவோடு மணமேடைக்குப் பக்கத்துக் கதவில் நின்றேன், கல்யாண ஈ வந்ததிலிருந்து அண்டாவை விட்டு நான் அகல்வதில்லை. நாட்டாமை வெள்ளத்துரை அண்ணாச்சி முதலில் மாப்பிள்ளையிடம் கேட்டார். ரத்தினவேல் நல்ல பையன் மாதிரிதான் இருந்தான், கோயம்புத்தூரில் யாரை விட்டுவிட்டு வந்தானோ, கண் சிவந்திருந்தது. "சந்தனமாரி மேல இஷ்டம்" என்றான், கொத்தாக ஈ வந்தது, மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துப் பெருமையாகச் சிரித்துக்கொண்டார்கள்.

அண்ணாச்சி இந்தப் பக்கம் திரும்பினார். "யார் மேல இஷ்டம் தாயி?"

சந்தனமாரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இசக்கி மேல இஷ்டம்."

சபை ஈக்காகக் காத்திருந்தது. அதுதான் வேடிக்கை, முதலில் யாருக்கும் பெயர் காதில் விழவில்லை, எல்லோரும் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், முழுங்கிவிட்டாளா, தொண்டை அசைந்ததா என்று பார்த்தார்கள், ஒன்றும் அசையவில்லை. அண்ணாச்சி மறுபடியும் கேட்டார், அவள் மறுபடியும் அதையே சொன்னாள். மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்து வந்து, செல்போன் டார்ச்சைப் போட்டு, "வாயத் தெற" என்றான். அவளும் திறந்தாள். நாக்குக்கு அடியில் பார்த்தான், கடைவாயில் பார்த்தான், விரலை விட்டு அண்ணத்தைத் தடவிப் பார்த்தான், பக்கத்தில் இருந்தவர்களும் எட்டிப்பார்த்தார்கள். மாட்டுச்சந்தையில் பல் பிடித்துப் பார்ப்பவன்கூட மாட்டிடம் கொஞ்சம் மரியாதையோடு நடந்துகொள்வான்.

"ஒண்ணுமில்ல, வாய் சுத்தமா இருக்கு" என்றான் அவன், சொல்லிக்கொண்டே முகம் கோணி ஓங்கரித்தான்.

அவனைப் பார்த்து அவன் பெண்டாட்டி ஓங்கரித்தாள், அவளைப் பார்த்துப் பக்கத்து வரிசை ஓங்கரித்தது, பிறகு மண்டபமே முந்தானையிலும் துண்டிலும் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஜன்னலுக்கும் வாசலுக்கும் ஓடியது. ஒரு பொண்ணுக்குப் பொண்ணு மேல இஷ்டமா, சீ, அதுக்கு ஈகூட வரலியே, சீ, என்று வாந்திக்கு நடுவில் பேசிக்கொண்டார்கள். இந்த மாதிரி மனசுக்கு எங்கள் ஊரில் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், அதையும் சொன்னார்கள், நான் அதை எழுதப்போவதில்லை. பாயசத்தில் மிதந்த ஈயை ராசி என்று சப்புக்கொட்டிய வாய்கள் அவை. பெற்ற பெண்ணின் நாக்கில் கிஸ்மிஸை வைத்து ஈ முழுங்கப் பழக்கிய கைகள்தான் இப்போது மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தன. எத்தனையோ எச்சில் இலைகளைப் பார்த்தவன் நான், ஆனால் அன்றைக்கு என் ஊர்க்காரர்கள் மேல் வந்த அருவருப்பு எனக்கு எந்த எச்சில் மேலும் வந்ததில்லை.

வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்த அண்ணாச்சி, "ஈ வராத இஷ்டம் இஷ்டமே கெடையாது. அந்த மில்லுக்காரிய கூட்டியாங்கடே. அவ இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டான்னா சோலி முடிஞ்சுது" என்றார்.

குத்தாலம் போய்த் தங்கையை அழைத்துவந்தான், அழைத்து என்று மரியாதைக்குச் சொல்கிறேன், முழங்கையைப் பிடித்து இழுத்துவந்தான். ஓடிக்கொண்டிருந்த மில்லிலிருந்து அப்படியே வந்தவள், செருப்பில்லை, தலை முதல் கால் வரை பச்சரிசி மாவு, நடந்த இடமெல்லாம் சிவப்புத் தரையில் வெள்ளையாகப் பாதம் பதிந்தது. சந்தனமாரி அவளைப் பார்த்ததும் மணையிலிருந்து எழுந்து நின்றாள். மில்லில் கேட்ட அதே கேள்விதான் அவள் முகத்தில் இருந்தது, அதற்கு இன்னும் பதில் வரவில்லை, அதற்காகத்தான் இவ்வளவு பேர் முன்னால் வாயைத் திறந்து காட்டியிருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இவ மேல ஒனக்கு ஏதும் இருக்கா?" என்றார் அண்ணாச்சி. "பயப்படாமச் சொல்லு. இல்லன்னு சொல்லிட்டு மில்லுக்குப் போ."

"சொல்லுட்டி" என்றான் குத்தாலம், பிடியை விடாமல். "இல்லைன்னா மில்லும் இல்ல, வீடும் இல்ல."

இசக்கி தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவிட்சு தேடுகிறவள் மாதிரி கை ஒருமுறை பக்கவாட்டில் நீண்டு, ஒன்றும் அகப்படாமல் திரும்பிவந்தது.

"எனக்கு அவ மேல ஒண்ணுமில்ல" என்றாள்.

சொல்லி முடித்ததும் அவள் உதட்டில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. ஒரே ஒரு ஈ, உடம்பெல்லாம் மாவு பூசி வெள்ளையாக இருந்தது. அது சிறகை உலர்த்தியது, காலைத் தேய்த்தது, பிறகு எழும்பி, மாப்பிள்ளை வீட்டார் தலைக்கு மேலாக, நாட்டாமையின் மீசையை ஒட்டி, மேடையைப் பார்த்துப் பறந்துபோனது.

"ஈ வந்துட்டு!" என்று யாரோ கத்தினார்கள். "மங்கலம்! மங்கலம்!" என்று கை தட்டினார்கள். ஆவுடையம்மாள் நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்தார்கள்.

சந்தனமாரி கையை நீட்டிப் பறந்துவந்த ஈயைக் காற்றிலேயே பிடித்தாள். வாழ்நாளெல்லாம் ஈயைக் கண்டு முகம் சுளித்தவள், அதை நசுக்காமல் பொத்திப் பிடித்து, கையைக் காதோரம் வைத்து அந்த ரீங்காரத்தைக் கேட்டாள், கேட்கக்கேட்க அவள் முகம் மலர்ந்து, கண்ணீர் வழிய, சத்தம்போட்டுச் சிரித்தாள்.

"என்ன சிரிப்பு?" என்றார் அண்ணாச்சி. "அதான் இல்லன்னுட்டாளே, ஈயும் வந்துட்டே."

"அதான் அண்ணாச்சி, ஈ வந்துட்டே" என்றாள் அவள். பிறகு சபையை விட்டுவிட்டு இசக்கியிடம் கேட்டாள். "பொய்தானட்டி?"

இசக்கி தலையை நிமிர்த்தினாள். இமையில் படிந்திருந்த மாவு நனைந்து கன்னத்தில் ஒழுகியது. "பொய்தான்" என்றாள். "மில்லுல நீ கேட்ட அன்னிக்கே எனக்கு இருந்துச்சு. அதுக்கு முன்னாடியே இருந்துச்சு." ஒன்றும் வரவில்லை, அந்த வாயைச் சுற்றிக் காற்று சும்மா இருந்தது.

பின்வரிசையிலிருந்து ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர், எதையும் யோசித்துப் பேசிப் பழகாதவர், "அப்போ ஈ வந்தா பொய்யின்னுதானவே அர்த்தம், அப்போ நம்ம…" என்று ஆரம்பித்தார். பக்கத்திலிருந்த அவர் மனைவி மெல்லத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்கள். வாத்தியார் வாயை மூடிக்கொண்டார். அவரைப் பார்த்து எல்லா வரிசையிலும் புருஷன்மார்கள் வாயை மூடிக்கொண்டார்கள், பெண்டாட்டிமார்கள் வாயை மூடிக்கொண்டார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் விசிறியையும் கூரையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளைப் பிடி என்று சொல்ல வேண்டுமானால் இசக்கி முதலில் சொன்னது பொய் என்றும், ஈ வந்தாலே பொய் என்றும் ஒத்துக்கொள்ள வேண்டும், ஒத்துக்கொண்டால் அன்றைக்கு ராத்திரி ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது.

அந்த மௌனத்துக்கு நடுவில்தான் சந்தனமாரி மேடையிலிருந்து இறங்கிவந்து இசக்கியின் கையைப் பிடித்தாள். குத்தாலம் மட்டும் இசக்கியின் முழங்கையை விடாமல் குறுக்கே நின்று, "இவள உசுரா நெனச்சு வளத்தேன் நான்" என்றான், அவன் வாய் நிறைய ஈ வந்து அடைத்துக்கொண்டது, இருமியபடி அவன் பிடியை விட்டுவிட்டான். ஆவுடையம்மாள் எழுந்து, "போ, போய்த் தொல, ஒம்மேல எனக்கு ஒரு பாசமும் கெடையாது" என்று கத்திவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். விரல் இடுக்கில் ஏதோ படபடத்ததைச் சந்தனமாரியும் பார்த்தாள், நானும் பார்த்தேன். அவள் அம்மாவைக் கும்பிட்டுவிட்டு, ஒரு கையில் இசக்கியையும் மூடிய மறுகையில் அந்த ஈயையும் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனாள். மதுரை பஸ் அன்றைக்கு வந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இன்னும் கரண்டி பிடித்துக்கொண்டிருப்பேன். முகூர்த்த நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்று அய்யர் சொன்னார், வந்தவர்கள் வந்துவிட்டார்கள், சமைத்தது சமைத்தாகிவிட்டது, மாப்பிள்ளையை எப்படி வெறும் கையோடு அனுப்புவது என்று கூடிப் பேசினார்கள், பேசிக்கொண்டே வாசல் பக்கம் பார்த்தார்கள். கல்கண்டுத் தட்டோடு நின்றிருந்த பொன்செல்வியின் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டார்கள். அவள் தலையில் பூ வைத்து, சந்தனமாரி உட்கார்ந்திருந்த மணையில் உட்காரவைத்தார்கள். மாப்பிள்ளையிடம் கேட்டார்கள், சற்று முன் சொன்ன அதே குரலில் இந்தப் பெயரைச் சொன்னான், ஈ பறந்தது.

"யார் மேல இஷ்டம் தாயி?"

அந்தப் பிள்ளைக்கு அவன் பெயரே சரியாகத் தெரியாது. அவள் அப்பா காதோரம் சொல்லிக்கொடுத்தார். "ரத்தினவேல் மேல இஷ்டம்" என்றாள், சொன்னதும் பல்லைக் கடித்து வாயை இறுக்க மூடிக்கொண்டாள். இன்னும் கிஸ்மிஸ் வைத்துப் பழக்காத பிள்ளை. உள்ளே அது வழி தேடிக்கொண்டிருந்தது, ஒரு கன்னத்தில் துடித்தது, பிறகு மறுகன்னத்தில் துடித்தது, தோலுக்கு மேலேயே எனக்குத் தெரிந்தது. மேடைப் பக்கம் கதவில் நின்றிருந்த நான் அண்டாவை விட்டுவிட்டு அவளருகில் போனேன்.

"துப்பிரு தாயி" என்றேன். "ஒண்ணும் ஆகாது. துப்பிரு."

அவள் என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. ஒரு நொடி வாய் திறக்கப்போகிற மாதிரித்தான் இருந்தது. பிறகு அப்பாவைப் பார்த்தாள், சபையைப் பார்த்தாள், தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

"மங்கலம்" என்றது சபை. யாரும் ஓங்கரிக்கவில்லை, யாரும் முகம் சுளிக்கவில்லை, பந்தி போடச் சொல்லி இலை விரிக்க ஆரம்பித்தார்கள். "பாயசத்தக் கொண்டாரும் மாஸ்டர்" என்றார் அண்ணாச்சி.

நான் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு வந்தேன். படியில் இசக்கியின் பாதம் வெள்ளையாகப் பதிந்து தெருப்பக்கம் இறங்கிப் போயிருந்தது, காற்றில் இன்னும் கலையவில்லை. அந்தத் தடத்தின் மேல் படாமல் கொஞ்சம் தள்ளிப்போய் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.